கபடிக் காலும் கும்மிக் காலும்: முழங்கால் எம்.ஆர்.ஐ. குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

அவிநாசி வட்டாரத்தில் குடும்ப மருத்துவம் பார்க்கும் ஒரு கிளினிக். பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு தாயும் மகனும் வருகிறார்கள். மகன் விந்தி விந்தி நடக்கிறான். அம்மா படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். (இது ஒரே குடும்பத்தின் கதை அல்ல. இந்தப் பகுதிக் கிளினிக்குகளில் வழக்கமாகப் பார்க்கும் கால்களைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி அமைத்தது.)

மகனுக்கு 24 வயது. திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை, நாள் முழுக்க மேசையோரம் நிற்க வேண்டும். பட்டிப் பொங்கலன்று ஊர்க் கபடியில் ரெய்டு போய்த் திரும்பும்போது வலது பாதம் மண்ணில் ஊன்றி நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது. யாரும் மோதவில்லை. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். மறுநாள் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறிவு இல்லை என்றார்கள். அதற்கடுத்த நாள் நாட்டு வைத்தியரிடம் போய் முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டான். கட்டு மூன்று வாரம் இருந்தது. அவிழ்த்தபோது வலி இல்லை, வேலைக்கும் போனான். நான்காம் நாள் பைக்கை விட்டு இறங்கித் திரும்பும்போது கால் மடங்கிக் கீழே விழுந்தான்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கும், ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்னு கம்பெனில சொல்றாங்க" என்றான்.

அந்த வாக்கியத்தில் இரண்டு சிக்கல்கள். முதலாவது 'ஜவ்வு'. முழங்காலுக்குள் எலும்போடு எலும்பைக் கட்டி நிறுத்தும் தசைநாரும் ஜவ்வு, இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸும் ஜவ்வு. ஏ.சி.எல். (முதல் வகையைச் சேர்ந்த முன்குறுக்கு நார்) அறுந்தவருக்கும் மெனிஸ்கஸ் நைந்த அறுபது வயதுக்காரருக்கும் ஒரே சொல்லைச் சொல்லி அனுப்புகிறோம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவருக்குச் செய்த ஆபரேஷனை மற்றவரும் கேட்கிறார். இரண்டாவது, 'ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்' என்பது. இவன் காலில் என்ன அறுந்தது என்பது ஸ்கேன் எடுக்காமலே பெருமளவு தெரிகிற விஷயம்.

கேட்டறிந்தது

அடிபட்ட கதையைக் கேட்கும்போது வீக்கம் வந்த நேரத்தை மணிக்கணக்கில் கேட்க வேண்டும். "வீங்குச்சுங்களா?" என்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், அதனால் பயனில்லை.

"அப்பவே வீங்கிருச்சா தம்பி, இல்ல அடுத்த நாள் காலைலயா?"

"ஆட்டம் முடியறதுக்குள்ளயேங்க. பேண்ட் மேல ஏறலீங்க."

இந்தப் பதிலுக்கு மதிப்பு அதிகம். அடிபட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மூட்டு பந்துபோல் வீங்கினால் உள்ளே இரத்தம் கோத்திருக்கிறது என்று பொருள். விளையாட்டில் அதற்கு முதல் காரணம் ஏ.சி.எல். அறுவது. அடுத்த நிலையில் மூட்டுச் சில்லு விலகுவதும் எலும்பு முறிவும் வரும். மெனிஸ்கஸ் மட்டும் கிழிந்தால் வீக்கம் பெரும்பாலும் இராத்திரி கழிந்து மறுநாள்தான் தெரியும்.

அடுத்த கேள்வி: மடங்கிவிடுகிறதா, பூட்டிக்கொள்கிறதா? நோயாளி 'லாக் ஆயிடுது' என்பதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. காலை முழுதாக நீட்டவே முடியாமல், யாரோ உள்ளே ஆப்பு வைத்ததுபோல் நிற்பதுதான் உண்மையான பூட்டு. கிழிந்த மெனிஸ்கஸ் வாளிக் கைப்பிடிபோல் மடிந்து மூட்டின் நடுவே சிக்கினால் அப்படி ஆகும். அது அவசரம்: சில நாட்களுக்குள் எலும்பு மருத்துவர் பார்க்க வேண்டும், எம்.ஆர்.ஐ.யும் அதே வேகத்தில் வேண்டும். வலியால் காலை நீட்டத் தயங்குவது வேறு. இவனுக்குப் பூட்டு இல்லை. திரும்பும்போது கால் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

பரிசோதனை

நல்ல காலை முதலில் பார்ப்பது வழக்கமாக வேண்டும். அவன் மூட்டு இயல்பிலேயே எவ்வளவு தளர்வானது என்று தெரியாமல் அடிபட்ட காலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

மூட்டுச் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே இரண்டு தொடைகளின் சுற்றளவையும் டேப்பால் அளந்ததில் வலது தொடை 2.5 செ.மீ. மெலிந்திருந்தது. மூன்று வாரக் கட்டு முன்தொடைத் தசையைத் தின்றிருக்கிறது. குப்புறப் படுக்கவைத்து முழங்காலுக்குக் கீழே கட்டிலுக்கு வெளியே விட்டபோது வலது குதிகால் இடதைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றது. முழுதாக நீளவில்லை. ஸ்கேனில் வராத, ஆனால் ஆபரேஷன் தேதியையே தள்ளிவைக்கிற தகவல் இது.

ஏ.சி.எல்.லைப் பார்க்கும் லாக்மன் சோதனைதான் இங்கே முதன்மை. காலை 20 முதல் 30 பாகை மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கணைக்கால் எலும்பின் மேல்பகுதியை முன்னே இழுக்க வேண்டும். கபடிக்காரன் தொடை ஒரு கைக்கு அடங்காது. அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர் தன் முழங்காலைக் கட்டிலில் மடித்துவைத்து நோயாளியின் தொடையை அதன்மேல் கிடத்தினால் பிடி சரியாகக் கிடைக்கும். எவ்வளவு முன்னே வருகிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல தசைநார் கயிறு இழுபட்டதுபோல் 'டக்' என்று நிற்கும். இவனுடைய வலது கால் சேற்றில் கால் வைத்ததுபோல் மெத்தென்று போய்க்கொண்டே இருந்தது. தொகுப்பாய்வுகளில் லாக்மன் ஏறத்தாழ 85 விழுக்காடு ஏ.சி.எல். கிழிசல்களைப் பிடிக்கிறது. காலை 90 பாகை மடக்கிச் செய்யும் முன்னிழுப்புச் சோதனை அடிபட்ட புதிதில் பாதியைத் தவறவிடும், பின்தொடைத் தசை இறுகிக்கொள்வதே காரணம். அதை மட்டும் செய்துவிட்டு 'ஏ.சி.எல். நலம்' என்று எழுதப்பட்ட சீட்டுகள் நிறைய வருகின்றன.

இழுக்கும் முன் பக்கவாட்டில் குனிந்து, கணைக்கால் எலும்பு பின்னே சரிந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்குறுக்கு நார் அறுந்திருந்தால் எலும்பு முன்கூட்டியே பின்னே போயிருக்கும். அதை இயல்பான இடத்துக்கு இழுப்பதைப் பார்த்து ஏ.சி.எல். அறுந்தது என்று முடிவுகட்டிவிடுவோம்.

மற்றவை வேகமாக: உள்பக்க மூட்டுக்கோட்டின் பின்பகுதியில் அழுத்தினால் வலி, மெனிஸ்கஸுக்கான மெக்மரே சோதனை தெளிவில்லை, பக்கவாட்டு நார்கள் 0 பாகையிலும் 30 பாகையிலும் உறுதி. நேராகக் காலைத் தூக்க முடிகிறது, பாதம் மேலே தூக்க முடிகிறது, பாத நாடி நன்றாக ஓடுகிறது. கடைசி இரண்டையும் ஒவ்வொரு முழங்கால் அடியிலும் பார்த்தே ஆக வேண்டும். மூட்டு விலகித் தானே உள்ளே போன கால், வெளியில் சாதாரண வீக்கம்போலத் தெரிந்தாலும் முழங்கால் பின்னே ஓடும் தமனியைக் கிழித்திருக்கலாம். அந்தக் காலுக்கு எம்.ஆர்.ஐ. வரிசையில் காத்திருக்க நேரமில்லை.

பழைய எக்ஸ்ரேயை மறுபடி

மறுநாளே எக்ஸ்ரே எடுத்தது சரி. ஓட்டாவா விதி என்று 1995இல் கனடாவில் வகுத்தது இன்றும் நிற்கிறது: வயது 55 அல்லது அதற்கு மேல், மூட்டுச் சில்லில் மட்டும் தொட்டால் வலி, வெளிப்பக்கச் சிற்றெலும்பின் தலையில் வலி, 90 பாகை மடக்க முடியாமை, அடிபட்ட உடனேயும் பார்க்கும்போதும் நான்கு காலடி நடக்க முடியாமை. ஐந்தில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே. இவனால் அன்று நான்கு காலடி நடக்க முடியவில்லை.

'முறிவு இல்லை' என்ற அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தபோது, கணைக்கால் எலும்பின் வெளிப்பக்க விளிம்புக்கு அருகே அரிசி முனைபோல் ஒரு மெல்லிய சில்லு. செகாண்ட் முறிவு. ஓரத்தில் இழுபட்டுப் பெயர்ந்த இந்தத் துணுக்கு தெரிந்தால் உள்ளே பெரும்பாலும் ஏ.சி.எல். அறுந்திருக்கும். வலி எங்கே என்று யாரும் எழுதி அனுப்பாத படத்தில் இது தப்பிப்போவதில் வியப்பில்லை.

ஆக, கதை, கை, எக்ஸ்ரே மூன்றும் ஒரே பக்கம் காட்டுகின்றன. பிறகு எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி எழுதுவது

ஏ.சி.எல். கிழிந்ததா என்று கேட்க ஸ்கேன் தேவைப்படவில்லை. கூடவே வேறென்ன போயிருக்கிறது என்று கேட்கத் தேவைப்பட்டது. மெனிஸ்கஸில் இரத்த ஓட்டமுள்ள வெளிவிளிம்பில் நெட்டுவாக்கில் கிழிந்திருந்தால் தைத்துக் காப்பாற்றலாம். தள்ளாடும் மூட்டில் ஒவ்வொரு முறை கால் மடங்கும்போதும் அந்தக் கிழிசல் பெரிதாகி, கடைசியில் வெட்டி எடுக்கிற நிலைக்குப் போய்விடும். எனவே பதில் எதுவோ அதற்கேற்பச் செயல் மாறும். அப்படி மாறாத இடத்தில் ஸ்கேன் எழுதக் காரணமில்லை.

'எம்.ஆர்.ஐ. வலது முழங்கால்' என்று மட்டும் எழுதிய சீட்டுக்கு ரிப்போர்ட்டும் அதே அழகில்தான் வரும்: கண்ணில் பட்டதெல்லாம் வரிசையாக. இந்த நிகழ்வில் எழுதியது இது:

"24 வயது ஆண். 26 நாளுக்கு முன் கபடியில் பாதம் ஊன்றித் திரும்பியதில் முறுக்கு. சத்தம் உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வீக்கம். லாக்மன் நேர்மறை, நிற்கும் முனை மெத்து. உள்பக்க மூட்டுக்கோட்டின் பின்பகுதியில் வலி. பூட்டு இல்லை. எக்ஸ்ரேயில் செகாண்ட் முறிவு. கேள்வி: உள் மெனிஸ்கஸின் பின்கொம்பில் தைக்கத்தக்க கிழிசல் உண்டா? மூட்டுறையோடு ஒட்டும் இடத்திலும் வேரிலும் கிழிசல் உண்டா? வெளிப் பின்மூலைக் கட்டு நலமா?"

பின்கொம்பு என்பது பிறையின் பின்பாகம், வேர் என்பது அது எலும்பில் பிடிக்கும் இடம். மூட்டுறையோடு ஒட்டும் இடத்தைத் தனியாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கால் ஏறத்தாழ நீட்டியே இருக்கும். அந்த நிலையில் அங்குள்ள பிளவு மூடிக்கொள்ளும், தேடிப் பார்த்தால்தான் கிடைக்கும்.

கருவி 1.5 டெஸ்லாவோ அதற்கு மேலோ இருக்கட்டும். குறைந்த காந்தத் திறனுள்ள திறந்தவகைக் கருவியில் எடுத்த படம் மெனிஸ்கஸ் விளிம்பைத் தெளிவாகக் காட்டாது, அதை வைத்துக்கொண்டு மறுபடி ஒன்று எடுக்க நேரும். முழங்காலுக்கென்று உள்ள காயிலை (சமிக்ஞை வாங்கும் சுருள்) மாட்டி எடுக்க வேண்டும். மூன்று தளங்களிலும் படம், கொழுப்பை அடக்கிய புரோட்டான் அடர்த்திப் படங்கள் (கொழுப்பின் வெண்மையை மங்கவைத்துக் கிழிசலைக் காட்டும் படவகை) அவசியம். சாயம் ஏற்றும் ஊசி இந்தக் கேள்விக்குத் தேவையில்லை. பிலிமோடு நிறுத்தாமல் டைகாம் சி.டி.யும் (எல்லாப் படங்களையும் கணினியில் பார்க்கும் வடிவம்) கேட்டு வாங்க வேண்டும். அறுவை மருத்துவர் பார்க்க விரும்புவது சி.டி.யைத்தான், அது இல்லை என்பதற்காகவே இரண்டாம் முறை எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் உண்டு.

காந்த அறைக்குப் போகுமுன்

பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாய் கிளிப், காது உள்வைப்பு: இவற்றை எல்லா மையங்களிலும் கேட்கிறார்கள். கோவைப் பக்கம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "லேத்துல வேலை பாத்திருக்கீங்களா? கண்ணுல தூசி விழுந்து எடுத்திருக்காங்களா?"

பனியன் கம்பெனிக்கு வருமுன் இவன் இரண்டு வருடம் லேத் பட்டறையில் இருந்தவன். கிரைண்டிங் பொறி கண்ணில் பட்டு ஒருமுறை எடுத்திருக்கிறார்கள். "இப்ப ஒண்ணுமில்லீங்க, நல்லாத் தெரியுது" என்றான். நன்றாகத் தெரிவதால் உள்ளே இரும்புத் துணுக்கு இல்லை என்று ஆகாது. காந்தம் அந்தத் துணுக்கை அசைத்தால் பார்வையே போகலாம். கண்குழிக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்து, சுத்தம் என்று தெரிந்தபிறகே அனுப்பினார்கள். ஃபவுண்டரி, லேத், மோட்டார் பட்டறை, வெல்டிங் கடை என்று பாதி ஊர் இரும்போடு பிழைக்கிற இடத்தில் இந்தக் கேள்வியைச் சீட்டிலேயே அச்சடித்து வைத்துவிடலாம்.

இடுப்பு அரைஞாணும் கையில் போட்ட காப்பும் தாயத்தும் கழற்றப்பட்டன. தாயத்தைக் கழற்ற மாட்டேன் என்று சிலர் மறைத்துப் போய்விடுகிறார்கள். வெள்ளியோ செம்போ காந்தத்துக்கு இழுபடாது; ஆனால் தகட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கட்டியவருக்கே தெரியாது. எடுக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும், கால் அசையக் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் கடைசிப் படவரிசை கலங்கி வரும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

ஏ.சி.எல். நார்கள் தொடர்பறுந்தவை. தொடையெலும்பின் வெளிக் குமிழ் நடுவிலும் கணைக்கால் எலும்பின் வெளிப் பின்விளிம்பிலும் எலும்புக் கன்றல், அதாவது திரும்பிய நொடியில் இரண்டு எலும்பும் முட்டிக்கொண்ட தடம். உள் மெனிஸ்கஸ் பின்கொம்பின் வெளிவிளிம்பில் 14 மி.மீ. நெட்டுக் கிழிசல். வெளி மெனிஸ்கஸில் 'கிரேடு 2 சிக்னல்'.

கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் பையன் இராத்திரி தூங்கவில்லை. கிரேடு 1, கிரேடு 2 என்பவை மெனிஸ்கஸின் உள்ளுக்குள் தெரியும் வெண்மை, மேற்பரப்பைத் தொடாதவை. கிழிசல் என்றால் வெண்மை மேற்பரப்பைத் தொட வேண்டும், அதுவும் இரண்டு படங்களிலாவது. 'கிரேடு 2 கிழிசல்' என்று ஒன்று இல்லை. ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குத் தேதி கேட்பவர்கள் வாரம் ஒருவராவது வருவார்கள்.

ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. 2003இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி உள் மெனிஸ்கஸ் கிழிசலில் 93 விழுக்காட்டைப் பிடிக்கும் எம்.ஆர்.ஐ., வெளி மெனிஸ்கஸில் 79 விழுக்காட்டைத்தான் பிடிக்கிறது. வெளிப்பக்கத்தில் வலி தெளிவாக இருந்து ரிப்போர்ட் சுத்தமாக வந்தால், நம்ப வேண்டியது விரலைத்தான்.

எடுத்த முடிவு

ஏ.சி.எல். அறுந்தவரெல்லாம் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடந்து 2010இல் வெளியான ஆய்வில், உடனே ஆபரேஷன் செய்தவர்களும் முதலில் பயிற்சி எடுத்துத் தேவைப்பட்டால் பிறகு செய்துகொண்டவர்களும் இரண்டு வருடத்தில் ஒரே நிலையில் இருந்தார்கள். பயிற்சிப் பிரிவில் பாதிப்பேருக்கு ஐந்து வருடம் ஆகியும் ஆபரேஷன் தேவைப்படவில்லை. இவன் விஷயத்தில் தராசைச் சாய்த்தது தைக்கத்தக்க அந்த 14 மி.மீ. கிழிசலும், கட்டிங் மேசையருகே திரும்பினாலே மடங்கும் காலும். கபடி ஆசை மூன்றாவதுதான்.

அனுப்புமுன் நான்கு வாரம் பிசியோதெரபி. குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து காலை நீட்டிக் கிடப்பது 10 நிமிடம், நாளுக்கு ஐந்து முறை, முன்தொடையை இறுக்கி 10 எண்ணும்வரை பிடிப்பது, பிறகு சைக்கிள். முழுதாக நீளாத, வீங்கிய மூட்டில் ஏ.சி.எல். சீரமைப்பு செய்தால் விறைப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும் ஆபத்து அதிகம். இந்த நான்கு வாரம் கபடி, ஓட்டம், சம்மணம் மூன்றும் கூடாது. இங்கே முடிவைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம்தான்: "சனிக்கிழமை லீவு போட்டிருக்கேன், அன்னைக்கே பண்ணிருங்க" என்பார்கள்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) அட்டை இருந்ததால் டிஸ்பென்சரி வழியாகப் பரிந்துரை. பங்களிப்பு நாள் கணக்கு சரியாக இருந்தால் நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும், வருடத்துக்கு 91 நாள்வரை. விளையாட்டில் பட்ட அடியென்றாலும் இது உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. விளையாட்டுக்குத் திரும்புவது ஆபரேஷனாகி 9 மாதத்துக்கு முன் இல்லை. அப்போதும் முன்தொடை வலு மறு காலில் 90 விழுக்காடாவது வந்திருக்க வேண்டும். அடுத்த பொங்கல் நோம்பிக்கு அவன் கோட்டுக்கு வெளியேதான் என்று அன்றே சொல்லியாயிற்று.

அம்மாவின் முழங்கால்

"சார், பையனுக்கு எடுக்கறப்பவே எனக்கும் ஒண்ணு எடுத்துப் போடுங்க. ரெண்டா எடுத்தா கொஞ்சம் கொறைச்சுப் போடுவாங்கல்லங்க?"

53 வயது. எட்டு மாதமாக இரண்டு முழங்காலும் உள்பக்கம் வலி, வலது கூடுதல். காலையில் பத்து நிமிடம் விறைப்பு. மாலை இரண்டு எருமைக்குக் குத்தவைத்துப் பால் கறக்கிறார். ஆறு மாதமாக இராத்திரி வள்ளி கும்மிப் பயிற்சி. குனிந்து, உட்கார்ந்து, குதித்து எழும் அடவுகள் இரண்டு மணி நேரம், சிமெண்டுத் தரையில், வெறுங்காலில். அடிபட்டதில்லை, வீக்கம் இல்லை, பூட்டு இல்லை. மடக்கும்போது நறநறப்பு, லேசாக வளைந்த கால்.

இவருக்கு எம்.ஆர்.ஐ. எழுதவில்லை. எழுதினால் ஏதாவது வந்தே தீரும் என்பதே காரணம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயதுவரை 991 பேருக்கு, வலி இருக்கிறதா என்று கேளாமல் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், 2008இல் முடிவு வந்தது. 35 விழுக்காட்டினருக்கு மெனிஸ்கஸ் கிழிசல். கிழிசல் உள்ளவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய மாதத்தில் முழங்கால் தொந்தரவே இல்லை. தலைநரைபோல வயதோடு வருவது அது. 2013இல் பின்லாந்து ஆய்வில் 146 பேருக்கு, பாதிப்பேருக்குக் கிழிந்த மெனிஸ்கஸை வெட்டியும் பாதிப்பேருக்கு வெட்டுவதுபோல் நடித்தும் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து வலியில் வித்தியாசம் இல்லை.

குடும்ப மருத்துவரே நேராக எம்.ஆர்.ஐ. அனுப்புவதால் என்ன லாபம் என்றும் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 553 பேரை வைத்து நடந்த சோதனையில் மருத்துவரின் நம்பிக்கை கூடியது, நோயறிதலும் சிகிச்சைத் திட்டமும் பெரிதாக மாறவில்லை. நெதர்லாந்தில் அடிபட்ட 18 முதல் 45 வயதுக்காரர்கள் 356 பேரிடம் செலவுதான் கூடியது. வாரக் கூலியை விழுங்குகிற ஒரு பரிசோதனைக்கு இது போதாது.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கேட்டுவிட வேண்டும். "குத்தவெச்சு எந்திரிக்கறப்ப முழங்காலுக்குப் பின்னால 'டக்'னு ஒரு சத்தம் கேட்டு, அன்னைலிருந்து வலி ஒரேயடியா ஏறுச்சுங்களா?" ஆமாம் என்றால் உள் மெனிஸ்கஸின் பின்வேர் பிடுங்கியிருக்கலாம். தரையில் உட்கார்ந்து எழும் ஊர்களில் ஐம்பது வயதுப் பெண்களிடம் அது அரிதல்ல. விட்டுவிட்டால் மூட்டு வேகமாகத் தேயும், அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். இவருக்கு அப்படி இல்லை.

"ஃபோட்டோ எடுக்காம எப்படிங்க தெரியும்?" என்று விடாமல் கேட்டதால் ஒரு எக்ஸ்ரே, நின்றபடி. படுக்கவைத்து எடுத்தால் எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி உண்மையைவிட அகலமாகத் தெரியும். உள்பக்க இடைவெளி கொஞ்சம் குறுகியிருந்தது.

எழுதிக் கொடுத்தது: உயரமான நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, 10 வீதம் மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒருநாள், படுத்தபடி காலை நேராகத் தூக்கி 5 எண்ணுவது, டைக்ளோஃபினாக் ஜெல் நாளுக்கு மூன்று முறை, எடை 71 கிலோவிலிருந்து 67. பால் கறக்க ஒரு முக்காலி. கும்மியை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார். உட்கார்ந்து எழும் அடவில் பாதியளவு மட்டும் குனிவது, மண் தரை, அடியில் மெத்தையுள்ள செருப்பு என்று பேசி முடித்தது.

பன்னிரண்டு வாரம் கழித்து மகனின் தையல் பிரித்த காலைக் காட்ட வந்தபோது எடை 69. மாடிப்படி பரவாயில்லையாம். முக்காலிதான் எருமைக்குப் பிடிக்கவில்லை. முதல் வாரம் உதைத்துத் தள்ளியிருக்கிறது.